நீச்சல் அரைகுறை, கையில் 16 வாரம்: முதல் டிரையத்லானை முடிக்க முடியுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி: வயது 41, நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை, வாரத்துக்கு 5 முதல் 6 மணி நேரம் ஒதுக்க முடியும். 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓடுவீர்கள், சைக்கிளில் ஒரு மணி நேரம் போவதில் சிரமமில்லை. 25 மீட்டர் குளத்தில் இரண்டு நீளம் நீந்தினால் மூச்சு முட்டுகிறது. 16 வாரத்தில் ஒரு ஸ்பிரிண்ட் டிரையத்லான், அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் போட்டியின் குறுகிய வடிவம், இருக்கிறது. எந்த அட்டவணையைப் பின்பற்றலாம், புது சைக்கிள் வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது: "கால் எட்டாத ஆழத்தில் நெஞ்சு படபடக்கிறது." நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது. ஓட்டமும் சைக்கிளும் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. தண்ணீரில் உள்ள பதற்றம் தீர்ந்தால் இந்தப் போட்டியை முடிப்பீர்கள், தீராவிட்டால் தொடங்கவே கூடாது. அதனால் என் பதிலில் பாதிக்கு மேல் நீச்சலைப் பற்றியதாகவே இருக்கும்.

பெரியவர்களான பிறகு நீச்சல் கற்க வருபவர்களுக்குப் பல வருடங்களாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன், அவர்களில் பலரை முதல் டிரையத்லான் வரை கூட்டிப் போயிருக்கிறேன். மருத்துவன் அல்ல. உங்களைத் தண்ணீரில் நேரில் பார்க்கவும் இல்லை. எனவே ஆய்வுகள் உறுதி செய்தவை, அனுபவத்தில் கண்டவை, இன்னும் விவாதத்தில் இருப்பவை ஆகிய மூன்றையும் கலக்காமல் சொல்ல முயல்கிறேன்.

ஸ்பிரிண்ட் என்றால் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் முதன்முதலாக நுழைந்தபோது இருந்த தூரம் இதைப்போல் சரியாக இரண்டு மடங்கு. உங்கள் நிலையில் இருப்பவர்கள் 750 மீட்டரை 18 முதல் 25 நிமிடத்தில் நீந்துவார்கள், சைக்கிளுக்கு 45 நிமிடம் முதல் ஒரு மணி, ஓட்டத்துக்கு 30 முதல் 40 நிமிடம் ஆகும். ஆக நேரக் கணக்கில் நீச்சல்தான் மிகச் சிறியது. இதைப் பார்த்துவிட்டு இணையத்தில் கிடைக்கும் பல அட்டவணைகள் நீச்சலுக்கு வாரம் ஒரு நாள் ஒதுக்கிவிட்டு மீதியைச் சைக்கிளுக்குக் கொடுக்கின்றன. பள்ளி நாளிலிருந்து நீந்தி வருபவருக்கு அது பொருந்தும், உங்களுக்குப் பொருந்தாது.

இரண்டு நீளத்தில் உங்களுக்கு மூச்சு முட்டுவது உடல் வலு இல்லாததால் அல்ல. 5 கிலோமீட்டர் தாங்குகிற இதயமும் நுரையீரலும் 50 மீட்டரில் ஓய்ந்துவிடாது. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் செய்வது ஒன்றே: முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். தலையைத் திருப்பும் அந்த ஒரு கணத்துக்குள் பழைய மூச்சை வெளியே விடவும் புது மூச்சை இழுக்கவும் பார்க்கிறார்கள். நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றுவது போலத்தான் அது. மூச்சு முட்டும் உணர்வைப் பெரும்பாலும் தூண்டுவது ஆக்சிஜன் குறைவு அல்ல, வெளியேறாமல் ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு என்பது உடலியலில் நன்கு நிறுவப்பட்ட விஷயம். ஆகவே முதல் வேலை, முகம் உள்ளே போன உடனேயே மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ சீராகக் குமிழி விடுவது. தலை திரும்பும்போது நுரையீரல் காலியாக இருக்க வேண்டும், இழுப்பது மட்டும்தான் அங்கே வேலை.

இரண்டாவது காரணம் கால். எதிரே பார்க்க வேண்டும் என்று தலையைத் தூக்கினால் இடுப்பும் காலும் கீழே இறங்கும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது, சாய்ந்து போகிற உடம்பு அதைப் பெரிய பரப்போடு தள்ள வேண்டியிருக்கிறது. மூழ்கும் காலைக் காப்பாற்ற வேகமாக உதைப்பீர்கள். தொடைத் தசைகள் பெரியவை, நிறைய ஆக்சிஜனைத் தின்னும், ஆனால் புதியவரின் உதையில் கிடைக்கும் முன்னேற்றம் அற்பம். வேகத்தை இரட்டிப்பாக்க முயன்றால் தண்ணீரின் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. இதனால்தான் ஓட்டத்தில் பலன் தருகிற "இன்னும் கொஞ்சம் முயற்சி" என்ற பழக்கம் நீச்சலில் எதிராக வேலை செய்கிறது. பார்வையைக் குளத்தின் தரையில் வையுங்கள், கையை நீட்டிய பிறகு ஒரு கணம் மிதந்து போக விடுங்கள், கால் மெதுவாக அசைந்தால் போதும்.

முதல் 4 வாரம் வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு முறையும் 30 அல்லது 40 நிமிடம் குளத்துக்குப் போங்கள். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் போராடுவதைவிட இது பல மடங்கு மேல். ஒரு நீளம் நீந்தி 20 அல்லது 30 நொடி நின்று, மூச்சு அமைதியான பிறகு அடுத்த நீளம், இப்படி 12 முதல் 16 நீளம். நிற்கும் நேரத்தை மெல்லக் குறையுங்கள், பிறகு இரண்டிரண்டு நீளம், அப்புறம் நான்கு நான்கு. தூரம் படிப்படியாகக் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில வாரங்கள் 50, 75 என்று நகர்ந்துகொண்டிருக்கும், மூச்சு ஒழுங்கான நாளில் திடீரென்று 200, 300 என்று தாண்டும். ஏன் அப்படித் தாவுகிறது என்று கேட்டால், தடையாக இருந்தது வலு அல்ல, ஒரு பழக்கம், அது மாறியதும் வழி திறந்துகொள்கிறது என்பதுதான் என் புரிதல். முடிந்தால் முதல் சில வகுப்புகளுக்காவது ஒரு பயிற்சியாளரை வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளுக்கு என்று எடுத்து வைத்திருக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை இதற்குச் செலவழித்தால் அதைவிட நல்ல முதலீடு இந்த 16 வாரத்தில் வேறெதுவும் இல்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. டிரையத்லானில் ஃபிரீஸ்டைல் மட்டும்தான் நீந்த வேண்டும் என்று விதி இல்லை. மார்பு நீச்சல், மல்லாந்து மிதப்பது, எல்லாம் அனுமதிக்கப்படுகிறது. களைத்தால் மிதவையையோ பாதுகாப்புப் படகையோ பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம், அதைப் பிடித்து முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். இது உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிற விதி. பயன்படுத்த வெட்கப்பட வேண்டாம்.

இனி அந்தப் படபடப்பு. குளத்தில் 750 மீட்டர் நீந்துபவர்கூட ஏரியிலோ கடலிலோ முதல் 100 மீட்டரில் திணறுவதை அடிக்கடி பார்க்கிறேன். பிடித்துக்கொள்ளச் சுவர் இல்லை, தரையில் கோடு இல்லை, கண்ணுக்கு எதுவும் தெரியாது, பக்கத்தில் நீந்துபவரின் கை முகத்தில் படும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் உடம்பு தானாகவே பெருமூச்சு வாங்கும், நாடித் துடிப்பு ஏறும். குளிர் அதிர்ச்சி எனப்படும் இந்த எதிர்வினை முதல் ஓரிரு நிமிடங்களில் தணிந்துவிடும், திரும்பத் திரும்பக் குளிர்ந்த நீரில் இறங்கினால் அடுத்தடுத்த முறை குறையவும் செய்யும். இரண்டும் சோதித்து அறியப்பட்டவை. அதனால் அந்த நிமிடங்களில் நீந்தாதீர்கள். இறங்கி, முகத்தை நனைத்து, மிதந்து, குமிழி விட்டு, மூச்சு உங்கள் கட்டுக்குள் வந்த பிறகு தொடங்குங்கள். போட்டி நாளிலும் விசில் ஊதும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

9-ஆம் வாரம் வாக்கில் திறந்த நீரில் பயிற்சியைத் தொடங்கலாம். தனியாகப் போகவே கூடாது. தெரிந்த துணையும், இடுப்பில் கட்டும் பளிச்சென்ற நிற மிதவையும் கட்டாயம். முதல் நாள் தூரத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். கால் எட்டாத இடத்தில் மல்லாந்து மிதந்து ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருக்க முடிந்தால் அன்றைய வேலை முடிந்தது. அதற்கு அடுத்து, பதற்றம் வந்தால் என்ன செய்வது என்பதை ஒத்திகை பாருங்கள்: மல்லாந்து திரும்பு, நீளமாக மூச்சை வெளியே விடு, பத்து முறை எண்ணு, பிறகு மெதுவாகத் தொடங்கு. பதற்றம் வராத நாளில் இதைப் பத்து முறை செய்து வைத்திருந்தால், வருகிற நாளில் உடம்பு தானாகவே செய்யும். திசை பார்ப்பதும் ஒரு தனித் திறமை. ஆறு முதல் பத்து கைவீச்சுக்கு ஒரு முறை கண் மட்டும் நீருக்கு மேலே வருமளவு தலையை உயர்த்தி, பாதையைக் காட்டும் மிதவையைப் பார்த்து, உடனே பக்கவாட்டில் திரும்பி மூச்செடுக்க வேண்டும். இதைக் குளத்திலேயே பழகலாம்.

ஆபத்தைப் பற்றி மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த மரணங்களையும், இதயம் நின்று காப்பாற்றப்பட்டவர்களையும் தொகுத்த ஆய்வு 2017-ல் வெளியானது. மொத்தம் 135 சம்பவங்கள், அவற்றில் 90 நீச்சலின்போது. 85 சதவீதம் ஆண்கள், சராசரி வயது 47-ஐ ஒட்டி. ஒரு லட்சம் பங்கேற்பாளருக்கு இரண்டுக்கும் குறைவு என்ற விகிதம் மிகச் சிறியதுதான். ஆனால் பிரேதப் பரிசோதனை விவரம் கிடைத்தவர்களில் கணிசமானோருக்கு இதயத்தில் கோளாறு இருந்தது. நீச்சலில் ஏன் இவ்வளவு அதிகம் என்பது இன்னும் தீர்க்கப்படாத கேள்வி. குளிர் அதிர்ச்சி, கூட்டத்தின் பரபரப்பு, நீந்தும்போது நுரையீரலில் நீர் கோப்பது என்று பல காரணங்கள் முன்வைக்கப்படுகின்றன. இதிலிருந்து உங்களுக்கு மூன்று செய்திகள். பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். முயற்சியின்போது நெஞ்சுவலி, மயக்கம், ரத்த அழுத்தம், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் இவற்றில் ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், எந்தச் சோதனை தேவை என்பதை அவர் முடிவு செய்யட்டும். நீந்தும்போது உழைப்புக்குப் பொருந்தாத மூச்சிரைப்பு, விடாத இருமல், இளஞ்சிவப்பு நிற நுரை வந்தால் அது பயம் அல்ல, அவசர நிலை. கையை உயர்த்தி உதவி கேளுங்கள், வெளியே வாருங்கள்.

சைக்கிள் கேள்விக்கு வருகிறேன். புதிதாக வாங்காதீர்கள். பிரேக் சரியாகப் பிடிக்கிற, கியர் ஒழுங்காக மாறுகிற எந்த சைக்கிளிலும் 20 கிலோமீட்டர் போகலாம். மலை சைக்கிள் என்றால் வழவழப்பான டயர் மாற்றிக்கொண்டால் நல்ல வித்தியாசம் தெரியும். அதைவிட முக்கியம் சீட்டின் உயரம். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக, 25 முதல் 35 டிகிரி வரை, மடங்கியிருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. புதியவர்களில் பலர் சீட்டைத் தாழ்வாக வைத்துக்கொண்டு முழங்கால் முன்பக்கம் வலிக்கிறது என்று வருகிறார்கள். ஒரு கையை எடுத்துப் பாட்டிலில் குடிப்பதையும், பஞ்சரான டியூபை மாற்றுவதையும் வீட்டிலேயே பழகுங்கள், போட்டியில் உங்களுக்காக வேறு யாரும் மாற்றித் தரக் கூடாது.

ஓட்டத்தில் உங்களுக்கு இப்போது இருப்பதே போதும். வாரத்துக்கு இரண்டு ஓட்டம், இரண்டுமே பேசிக்கொண்டு ஓடக்கூடிய வேகத்தில் இருந்தால் சரி. மூன்றில் அதிகம் காயம் வருவது ஓட்டத்தில்தான், அதனால் இந்த 16 வாரத்தில் ஓட்டத்தை வேகப்படுத்தும் ஆசையைத் தள்ளி வையுங்கள். வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்ற விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நெதர்லாந்தில் 532 புதிய ஓட்டக்காரர்களை வைத்துச் செய்த, 2008-ல் வெளியான சோதனையில், அந்த விதிப்படி மெதுவாகக் கூட்டியவர்களுக்கும் வழக்கமான முறையில் கூட்டியவர்களுக்கும் காயம் ஏறக்குறைய ஒரே அளவில், ஐந்தில் ஒருவருக்கு, ஏற்பட்டது. ஆக அந்த எண்ணுக்குப் பெரிய ஆதாரம் இல்லை. நிதானமாகக் கூட்டுவது நல்லது என்ற பொது அறிவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் குத்துகிற வலி, ஓட ஓடக் கூடுகிற வலி, மறுநாள் நடையை மாற்றுகிற வலி என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நீச்சலுக்குப் போங்கள். மூன்று விளையாட்டு இருப்பதில் இது ஒரு வசதி.

சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓடுவதை பிரிக் என்பார்கள். முதல் தடவை கால் இரும்பாகக் கனக்கும், முழங்கால் மடங்க மறுக்கும், சில நிமிடங்களில் சரியாகிவிடும். சைக்கிளுக்குப் பின் ஓடும் முறையும் அதற்குச் செலவாகும் சக்தியும் பலருக்கு மாறுகின்றன என்பது அளந்து பார்க்கப்பட்ட விஷயம். பிரிக் பயிற்சியால் அந்த மாற்றம் எவ்வளவு குறைகிறது என்பதில் ஆதாரம் தெளிவாக இல்லை. ஆனாலும் நான் 6-ஆம் வாரத்திலிருந்து பத்து நாளுக்கு ஒரு முறை செய்யச் சொல்கிறேன், அதுவும் 10 முதல் 15 நிமிட ஓட்டம் மட்டும். அந்தக் கனத்தை முன்பே அறிந்தவர் போட்டியில் மிரள மாட்டார், அதுவே போதுமான பலன்.

5 முதல் 6 மணி நேரத்தை இப்படிப் பிரிப்பேன்: நீச்சல் மூன்று நாள், மொத்தம் இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவு. சைக்கிள் இரண்டு நாள், ஒன்று 45 நிமிடம், ஒன்று வாரக் கடைசியில் ஒன்றரை மணி வரை. ஓட்டம் இரண்டு நாள், அரைமணி அரைமணியாக. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. பயிற்சியில் 80 சதவீதம் மெதுவாகவும் 20 சதவீதம் கடுமையாகவும் இருக்க வேண்டும் என்பார்கள். அது பெரும்பாலும் வாரம் முழுக்கப் பயிற்சி செய்யும் உயர்மட்ட வீரர்களைக் கவனித்து வந்த கணக்கு. 5 மணி நேரம் செய்பவருக்கும் அதே விகிதம்தான் சிறந்ததா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் முடிப்பது மட்டுமே நோக்கம் என்றால் மெதுவான பக்கம் சாய்வதில் நஷ்டமில்லை. ஒரு நாள் தவறிப்போனால் தவறியது தவறியதாகவே இருக்கட்டும், மறுநாளில் இரண்டையும் திணிக்க வேண்டாம். கடைசி இரண்டு வாரம் பயிற்சி நேரத்தைப் பாதி வரை குறைத்து, சிறு சிறு துண்டுகளாகப் போட்டி வேகத்தை மட்டும் தொட்டுவிட்டு வருவது பலன் தரும். இதற்குத் தொகுப்பாய்வுகளின் ஆதரவு இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இரண்டு மணி நேர முயற்சிக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போதும், அதை எடுத்துக்கொள்ள வசதியான இடம் சைக்கிள். எதை உண்டாலும் பயிற்சியில் சோதித்ததாக இருக்கட்டும். தண்ணீர் தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். மணிக்கு இத்தனை லிட்டர் என்று வலிந்து குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். 2002 பாஸ்டன் மாரத்தான் முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது, ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம்தான் அது முக்கியமாகக் காணப்பட்டது.

போட்டி நாளில் விதிமீறலால் புதியவர்கள் தண்டனை வாங்குவது பெரும்பாலும் சைக்கிள் பகுதியில்தான். ஹெல்மெட்டை அணிந்து கொக்கியைப் பூட்டிய பிறகே சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்க வேண்டும், திரும்ப மாட்டிய பிறகே கொக்கியை அவிழ்க்க வேண்டும். ஏறும் கோட்டைத் தாண்டிய பிறகு ஏறுங்கள், இறங்கும் கோட்டுக்கு முன்பே இறங்குங்கள். பெரும்பாலான அமெச்சூர் போட்டிகளில் முன்னால் போகிறவரின் காற்று மறைவில் ஒட்டிப் போகக் கூடாது. எத்தனை மீட்டர் விலகல், வெட்சூட் (உடம்போடு ஒட்டிய ரப்பர் நீச்சல் உடை) எந்த வெப்பநிலை வரை அனுமதி என்பவை போட்டிக்குப் போட்டி மாறும், விதிக் குறிப்பைப் படித்துவிடுங்கள். வெட்சூட் உங்களை மிதக்க வைக்கும், ஆனால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் அனுமதி கிடைக்காது. அதை நம்பி நீச்சலில் சமரசம் செய்யாதீர்கள். தொடங்கும்போது கூட்டத்தின் ஓரத்தில், கடைசி வரிசையில் நில்லுங்கள். சைக்கிளில் முதல் 5 கிலோமீட்டர் உங்களுக்கு மந்தமாகத் தோன்றும் வேகத்தில் போங்கள், மிச்சம் இருக்கிற வலு கடைசி இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் தானாகத் தெரியும்.

12-ஆம் வாரம் முடியும்போது ஒரு முடிவெடுக்க வேண்டும். குளத்தில் 750 மீட்டரை, எவ்வளவு மெதுவாக இருந்தாலும், சுவரில் இளைப்பாறாமல் நீந்த முடிகிறதா? துணையோடு திறந்த நீரில் இரண்டு வெவ்வேறு நாளில் 400 மீட்டராவது அமைதியாகப் போய்வந்தீர்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் தயங்காமல் போங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும், பணம் கட்டியாகிவிட்டதே என்பதற்காக இறங்க வேண்டாம். அதே நிகழ்வில் தூரம் குறைந்த சூப்பர் ஸ்பிரிண்ட் இருக்கிறதா, ஓட்டம்-சைக்கிள்-ஓட்டம் கொண்ட டூயத்லானுக்கு மாற்றித் தருவார்களா என்று அமைப்பாளர்களைக் கேளுங்கள். நீச்சலைக் குளத்திலேயே நடத்தும் போட்டிகளும் உண்டு. அந்த வாரத்தில் எவ்வளவு தூரம் நிற்காமல் நீந்தினீர்கள், திறந்த நீரில் முதல் ஐந்து நிமிடம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள், மீதி 4 வாரத்தை அதற்கேற்ப மாற்றிச் சொல்கிறேன்.